"நானே பார்த்தேன்" என்று குழந்தை சொல்லும்போது

"பெற்றோர் பிரிந்து, குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடக்கிறது. நடக்காத ஒன்றை நான்கு வயதுக் குழந்தை 'நானே பார்த்தேன்' என்று அடித்துச் சொல்கிறது. சொல்லிக்கொடுத்த பொய்தானே?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பொய்யாகவே இருக்கவேண்டியதில்லை.

1995-இல் மிஷெல் லீக்ட்மன், ஸ்டீபன் செசி என்ற உளவியலாளர்கள் இருவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாம் ஸ்டோன் என்பவர் மழலையர் பள்ளிக்கு வந்து இரண்டு நிமிடம் இருந்துவிட்டுப் போகிறார். எதையும் கெடுக்கவில்லை. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு, அவர் எதையாவது உடைத்துவிடுகிற ஆள் என்று முன்கூட்டியே கதை சொல்லியிருந்தார்கள். வந்துபோன பிறகு அவர்களிடம் கேள்விகள்: "புத்தகத்தைக் கிழித்தபோது சாம் கோபமாக இருந்தாரா, விளையாட்டாகச் செய்தாரா?" கிழித்தாரா என்று யாருமே கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பத்து வாரம் கழித்து, இப்பிரிவின் 3, 4 வயதுக் குழந்தைகளில் 72 சதவீதம் பேர் சாம் பொருளைக் கெடுத்தார் என்றார்கள். காணொளியைப் பார்த்த வல்லுநர்களாலும் உண்மை சொல்லும் குழந்தையைப் பிரித்தறிய முடியவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நினைவு, அனுப்புநர் முகவரி இல்லாத கடிதம். கண்டதா, கேட்டதா, கற்பனையா என்பதை மூளை பிற்பாடு ஊகித்துக்கொள்கிறது. காட்சி எவ்வளவு துலக்கமோ அவ்வளவு 'கண்டது' என்று தீர்ப்பு. ஒவ்வொரு கேள்விக்கும் குழந்தை ஒருமுறை கற்பனை செய்து பார்க்க, காட்சி துலக்கமாகிறது. ஊகத்தைச் சரிபார்க்கும் நெற்றிப்புற மூளையோ மெதுவாகத்தான் முதிர்கிறது.

இதை வைத்துக்கொண்டு, பெற்றோரில் ஒருவரை வெறுக்கும் குழந்தையெல்லாம் தூண்டிவிடப்பட்டது என்று முடிவுகட்டுவது அபத்தம். 1985-இல் அமெரிக்க மனநல மருத்துவர் ரிச்சர்ட் கார்ட்னர், ஒரு பெற்றோர் தூண்டிவிட்டு மற்றவரைக் குழந்தை வெறுப்பதை 'பெற்றோர் அந்நியமாக்கல்' என்ற நோய்க்குறித் தொகுப்பாகவே முன்வைத்தார். 2013-இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டில் அதற்கு இடமில்லை. குடும்ப வழக்குகளில் இக்கருத்தைத் தடைசெய்ய வேண்டும் என்று 2023-இல் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் பரிந்துரைத்தார். அடிவாங்கிய குழந்தையும் அந்த வீட்டுக்குப் போக மறுக்கத்தானே செய்யும்?

அதே ஆய்வில், கதையும் ஊட்டாமல் கேள்வியையும் திணிக்காமல் விட்ட குழந்தைகள் பெரும்பாலும் உள்ளதையே சொன்னார்கள். ஆகவே "என்ன நடந்தது, சொல்" என்று கேட்கும் முதல் உரையாடலே முக்கியம். அது முழுதாகப் பதிவாகவேண்டும். பணமிருந்தால், குழந்தைக்குப் பெற்றோர்மேல் எவ்வளவு வெறுப்பு என்று அளக்கும் வினாத்தாள்களுக்கு ஒரு காசும் தரமாட்டேன். எதையும் திணிக்காமல் கேட்பவர்களைப் பயிற்றுவித்து உருவாக்கவே கொடுப்பேன்.