அஃபோர்டபிலிட்டி: மலிவா, கட்டுப்படியா?

அமெரிக்க அரசியல் செய்திகளைத் தமிழில் எழுதுபவர்கள் 'அஃபோர்டபிலிட்டி' என்ற சொல்லிடமிருந்து தப்ப முடிவதில்லை. வீட்டு வாடகை, மளிகை, மருத்துவம் என்று எதைப் பேசினாலும் அங்குள்ள செனட்டர்கள் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கிறார்கள். தமிழில் அதைப் பலரும் 'மலிவு' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். 2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட, மருத்துவக் காப்பீடு பற்றிய 'அஃபோர்டபிள் கேர்' சட்டமும் இப்படித்தான் 'மலிவு விலை மருத்துவச் சட்டம்' ஆயிற்று. கைப்பிரதியில் இதைப் பார்த்தால் நான் அடித்துவிடுவேன். ஏன் என்று கேட்பவர்களுக்காக இந்தக் குறிப்பு.

மலிவு நல்ல சொல்தான், ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. 'மலி' என்பதன் பழம்பொருள் நிறைதல், மிகுதல். 'ஊழல் மலிந்த ஆட்சி' என்னும்போது அந்தப் பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. அறுவடைக் காலத்தில் தக்காளி மலிகிறது, அதனால் விலை இறங்குகிறது, அதனால் அது மலிவு. ஆக, மலிவு பொருளின் தன்மை. சந்தையில் அது எவ்வளவு கிடைக்கிறது என்பதைச் சொல்வது. வாங்குகிறவர் யார், அவர் பையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. போதாக்குறைக்கு, 'மலிவான அரசியல்' என்று நாம் ஏசவும் அதையே எடுக்கிறோம். ஒரு சட்டத்தின் பெயரில் அதைப் பொருத்தினால், தரம் குறைந்த மருத்துவத்தை அரசு தலையில் கட்டப் பார்க்கிறது என்ற வாடையும் சேர்ந்துகொள்கிறது. எதிர்க்கட்சிக்காரர் எழுதிய பெயர் போல் ஆகிவிடும்.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்தால் அதில் விலையே இல்லை. பழைய ஆங்கிலத்தில் 'கெஃபோர்த்தியன்' என்றொரு வினை இருந்தது. 'ஃபோர்த்' என்றால் முன்னே. அந்த வினைக்கு முன்னெடுத்துச் செல்லுதல், செய்து முடித்தல் என்று பொருள். பின்னாளில், இலத்தீன் சொல் என்று தவறாக எண்ணி, அதன் தலைப்பகுதியை இலத்தீன் பாணியில் மாற்றி எழுதினார்கள்; இறுதி ஒலியும் மாறி 'அஃபோர்ட்' ஆனது. இலத்தீன் வேடம் போட்ட நாட்டுச் சொல் அது. பொருளும் படிப்படியாக நகர்ந்தது: செய்து முடிப்பது, சமாளித்துச் செய்வது, கையிலிருப்பதைக் கொண்டு சமாளிப்பது. தொடக்கம் முதல் இன்றுவரை அந்தச் சொல்லின் நடுவில் நிற்பது செய்கிற ஆள்.

தமிழில் இதற்கு நேர்நிற்கும் சொல் கடைத்தெருவிலேயே இருக்கிறது: கட்டுப்படியாதல். சிலர் கட்டுபடி என்று ஒற்றில்லாமலும் எழுதுவார்கள். 'கட்டு' என்ற வினை தனித்தே இந்தப் பொருளைத் தரும். 'இந்தக் கூலிக்குக் கட்டாது' என்றால் போடும் உழைப்புக்கும் வரும் காசுக்கும் ஈடில்லை என்று பொருள். 'படி' என்றவுடன் நெல் அளக்கும் படியைக் கொண்டுவந்து இதற்குள் சொருகிக் கதை சொல்ல ஆசை வரும். அடக்கிக்கொள்வது நல்லது.

இந்தச் சொல்லின் அழகு, அது இரண்டு பக்கமும் பேசும். கீரை விற்கும் அம்மாள், "நீங்கள் கேட்கிற விலைக்குக் கட்டுப்படியாகாது" என்கிறார். வாங்க வந்தவர், "நீங்கள் சொல்கிற விலை எனக்குக் கட்டுப்படியாகாது" என்று நகர்கிறார். கீரை ஒன்று, விலையும் ஏறத்தாழ ஒன்று. கட்டுப்படி மட்டும் ஆளுக்கு ஆள் வேறு. 'யாருக்கு?' என்று கேட்காமல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே முடியாது. மலிவிடம் அந்தக் கேள்வி எழுவதில்லை.

அமெரிக்கச் சட்டமே இதற்குச் சாட்சி. வேலை கொடுப்பவர் அளிக்கும் காப்பீடு 'அஃபோர்டபிள்' தானா என்று பார்க்க அந்தச் சட்டம் ஒரு விலையைக் குறிக்கவில்லை. குடும்ப வருமானத்தில் 9.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று தொடங்கி, ஆண்டுதோறும் அந்த விகிதத்தைச் சரிசெய்கிறது. தாமே காப்பீடு வாங்குபவர்களுக்கு 2021-இல் கூடுதல் மானியம் வந்தது: அளவுகோலாக வைத்த திட்டத்துக்கு வருமானத்தில் 8.5 சதவீதத்துக்கு மேல் யாரும் கட்ட வேண்டியதில்லை. தனியாக வாழும் அறுபது வயதுக்காரர் ஒருவருக்கு மாதம் 6,000 டாலர் வருமானம், காப்பீட்டின் விலை மாதம் 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவர் 510 டாலர் கட்டினார், மீதியை அரசு கட்டியது. 2025 முடிவில் அந்தக் கூடுதல் மானியம் காலாவதியானது. வறுமைக்கோட்டைப் போல் நான்கு மடங்குக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு மானியமே இல்லை என்ற பழைய விதி திரும்பியது. அந்த வரம்பைத் தாண்டிய அவர் இப்போது முழு 1,000 டாலரும் கட்ட வேண்டும். காப்பீட்டின் விலை ஒரு டாலர்கூட ஏறவில்லை என்றே கொண்டாலும், நேற்றுவரை கட்டுப்படியானது இன்று கட்டுப்படியாகவில்லை. இந்த இரண்டு நிலையிலும் 'மலிவு' என்ற சொல்லுக்கு இடமே இல்லை. நேற்றும் அது மலிவாக இருக்கவில்லை.

விற்பவர் பக்கமும் இதே சொல்தான். 2017-ஐ ஒட்டி, பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் சில நட்டக்கணக்கு காட்டி, இந்தச் சட்டம் உருவாக்கிய காப்பீட்டுச் சந்தைகளிலிருந்து பல மாநிலங்களில் விலகின. கீரைக்கார அம்மாள் சொன்னதைத்தான் அவை தடித்த அறிக்கைகளில் சொல்லின.

வேறு சொற்களும் புழக்கத்தில் உண்டு. 'வாங்குதிறன்' வாங்குபவரின் வலிமையை மட்டும் சொல்கிறது. 'நியாய விலை' அறத்தைப் பற்றியது. நியாயமான விலையும் ஏழைக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். 'கைக்கெட்டும் விலை' விளம்பரத்துக்கு ஆகும். நான் பரிந்துரைப்பது: வினையாக வரும்போது 'கட்டுப்படியாகும்', பெயராக வரும்போது 'கட்டுப்படி' அல்லது 'கட்டுப்படியாகும் தன்மை'. சட்டத்தின் முழுப்பெயரை 'நோயாளர் பாதுகாப்பு மற்றும் கட்டுப்படியாகும் பராமரிப்புச் சட்டம்' எனலாம். நீளம்தான். ஆங்கிலத்திலும் அது குட்டையான பெயர் இல்லை.

இதே செய்திகளில் இன்னொரு சொல்லும் அடிக்கடி கெடுகிறது. ஒரு செனட்டர் எந்தெந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்ற கணக்கைச் சிலர் 'வாக்குப்பதிவு' என்று எழுதுகிறார்கள். தமிழில் வாக்குப்பதிவு என்றால் தேர்தல் நாளன்று சாவடியில் நடப்பது. 'செனட்டரின் வாக்குப்பதிவு சர்ச்சை' என்று படித்தால், அவர் கள்ள ஓட்டுப் போட்டுவிட்டார் என்றே நினைப்போம். 'வாக்களிப்பு வரலாறு' போதும். செனட்டுக்குச் சிலர் 'மேலவை' என்கிறார்கள். இலங்கைப் பல்கலைக்கழகங்களில் வழங்கும் 'மூதவை' எனக்கு இன்னும் பிடிக்கும். இலத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் முதியவர்.

வாக்கு என்ற சொல்லிலோ ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. 'அவர் வாக்களித்தார்' என்றால் ஓட்டுப் போட்டார் என்றும் கொள்ளலாம், உறுதி கொடுத்தார் என்றும் கொள்ளலாம். ஒரு செனட்டரின் நிலைப்பாட்டையும் அவருடைய வாக்களிப்பு வரலாற்றையும் ஒப்பிடுவது என்பது, தமிழில் சொன்னால், வாக்கையும் வாக்கையும் ஒப்பிடுவது.

மெய்ன் மாநிலத்தின் குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸின் வரலாற்றை எடுத்துப் பாருங்கள். மக்கள் தொகையில் முதியவர்களின் பங்கு மிகுந்த மாநிலம் அது. 1997-இல் பதவிக்கு வந்ததிலிருந்து ஒரு வாக்கெடுப்பையும் தவறவிடாதவர் என்று அவருக்குப் பெயர். ஒபாமாவின் சட்டம் 2009 டிசம்பர் 24 அன்று செனட்டில் 60-39 என்று நிறைவேறியபோது அவர் எதிர்த்தார். 2017 ஜூலையில் அதன் முக்கியப் பகுதிகளை நீக்கும் தீர்மானம் 49-51 என்று தோற்றபோது, தம் கட்சியின் செனட்டர்கள் மெக்கெய்ன், மர்கோவ்ஸ்கி இருவரோடு சேர்ந்து அதையும் எதிர்த்தார். அதே ஆண்டு டிசம்பரில் ஒரு வரிச் சட்டத்தை ஆதரித்தார். காப்பீடு இல்லாதவர்களுக்கான அபராதத்தை அது சுழியமாக்கியது. 2022-இல், முதியவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பயனாளர்களுக்கு இன்சுலின் செலவை மாதம் 35 டாலருக்குள் நிறுத்திய பெரிய மசோதாவை எதிர்த்தார். தனியார் காப்பீட்டுக்கும் அதே வரம்பைக் கொண்டுவரும் பகுதியை மட்டும் ஆதரித்தார். அதற்கு 57 வாக்குகள் கிடைத்தன, தேவை 60. 2025 கோடையில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் செலவை வெட்டிய மசோதாவை விவாதத்துக்கு எடுக்க ஆதரவு தந்து, மூன்று நாள் கழித்து இறுதி வாக்கெடுப்பில் எதிர்த்தார். டிசம்பரில், கூடுதல் மானியத்தை மூன்றாண்டு நீட்டிக்கும் ஜனநாயகக் கட்சியின் தீர்மானத்தை ஆதரித்த நான்கு குடியரசுக் கட்சியினரில் அவரும் ஒருவர். 51-48. மறுபடியும் 60 எட்டவில்லை.

இதை 'மலிவு மருத்துவத்தை ஆதரிக்கிறாரா, எதிர்க்கிறாரா' என்று கேட்டால் பதில் கிடைக்காது. கோடு வளைந்து வளைந்து போகும். 'யாருக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்கிறார்' என்று கேட்டால் கொஞ்சம் பிடிபடுகிறது. மானியத்தை நீட்டிக்கலாம், ஆனால் இரண்டு லட்சம் டாலர் வருமான வரம்போடு என்று அவரே ஒரு திட்டம் முன்வைத்திருந்தார். கையில் காப்பீடு உள்ள முதியவர், நோயாளர் பக்கம் ஒரு கண். வரி கட்டுபவரின் கணக்கில் இன்னொரு கண். அவருடைய கட்சியின் பெரும்பான்மையோர் அரசுக் கருவூலத்துக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். எதிர்க்கட்சியினர் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். மேடையில் இருதரப்பும் உச்சரித்தது அதே ஆங்கிலச் சொல். மொழிபெயர்க்கும்போது அதற்கு முன்னால் நான்காம் வேற்றுமை உருபோடு ஒரு பெயர் நிற்க வேண்டும். பேச்சில் அந்தப் பெயர் இல்லாவிட்டால், வாக்களிப்பு வரலாற்றில் தேடி எடுத்துப் போடுங்கள்.