தூர ஊரில் வாங்கிய வண்டியை ஓட்டிக்கொண்டே வந்துவிடலாமா?

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். இன்ஜினைத் திறந்திருக்கிறார்களா, எங்காவது இடித்துச் சரிசெய்திருக்கிறார்களா, மீட்டரைக் குறைத்திருக்கிறார்களா. வண்டி ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றாலும், அதை எப்படி வீடு கொண்டுவந்து சேர்ப்பது என்று கேட்பவர் அபூர்வம். நாமாகக் கேட்டால், "ஓடுற வண்டிதானே அண்ணே, ஓட்டிட்டே வந்துடறேன்" என்பார்கள். அப்படிக் கிளம்பி, பாதி வழியில் நின்று, மீட்பு லாரியில் ஏறிப் பட்டறைக்கு வந்த வண்டிகளைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஓடுகிற வண்டி வேறு, ஒரே மூச்சில் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடத் தயாராக இருக்கிற வண்டி வேறு. விற்பதென்று முடிவெடுத்த நாளிலிருந்து அதற்குச் செலவு செய்ய யாருக்கும் கை வராது. ஆயில் மாற்றுவது தள்ளிப்போகும். வண்டி நின்றே கிடக்கும். எடுத்தாலும் நாலு தெரு போய்த் திரும்பும். அந்தக் குட்டி ஓட்டத்தில் பாதி அடைத்த ரேடியேட்டர் தன்னைக் காட்டிக்கொள்ளாது. டேங்கின் அடியில் படிந்த கசடும் கலங்கி மேலே வராது. நீங்கள் ஓட்டிப் பார்ப்பதும் பத்து நிமிஷம்தான். பணத்தைக் கொடுத்த கையோடு, அந்த வண்டி அண்மையில் பார்த்திராத வேகத்தில், பார்த்திராத நேரத்துக்கு அதை விரட்டுகிறீர்கள்.

உலகின் முதல் நீண்ட கார் பயணமே இப்படி வழியெல்லாம் ரிப்பேர் பார்த்துக்கொண்டு நடந்ததுதான். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு, சுமார் 100 கிலோமீட்டர், கணவர் கார்ல் பென்ஸ் செய்த காரை பெர்தா பென்ஸ் ஓட்டிப் போனார். எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருளை வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் வாங்கினார். பிரேக் கட்டைகள் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைக்கச் சொன்னார். ஆனால் அவருக்கு அந்த வண்டி அங்கம் அங்கமாகத் தெரியும். நீங்கள் வாங்கிய வண்டியை நேரில் பார்த்தே அரை நாள்தான் ஆகிறது.

அதனால் ஓட்டி வருவதா, ஏற்றி வருவதா என்பதை வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஓரளவு முடிவு செய்துகொள்ளுங்கள். ஒருவழி டிக்கெட் எடுத்துப் போகிறவர் பேரத்தில் பாதியை அங்கேயே தோற்றுவிடுகிறார். திரும்பி வர வேறு வழியில்லை என்றால் டயரில் இருக்கும் வெடிப்பு கண்ணில் படாது. பட்டாலும் "பரவாயில்லை, சமாளிச்சிடலாம்" என்றுதான் மனசு சொல்லும்.

டயர் என்றதும் பூ எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். வயசைப் பாருங்கள். பக்கவாட்டில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருஷமும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இந்த இலக்கம் இருக்கலாம். வெளியே தெரியாவிட்டால் குனிந்து உள்பக்கம் பாருங்கள். பத்து வருஷம் தாண்டிய டயர், பூ புத்தம் புதுசாக இருந்தாலும், நெடுஞ்சாலைக்கு ஆகாது. ஓடாமல் நின்ற வண்டியில்தான் இந்த ஏமாற்று அதிகம்: தேயவே இல்லை, ஆனால் ரப்பர் இறுகிப்போயிருக்கும். ஸ்டெப்னியை யாரும் தொட்டே பார்ப்பதில்லை. அதில் காற்று இருக்கிறதா, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியில் இருக்கின்றனவா, அந்த ஸ்பேனர் அந்த நட்டுக்குப் பொருந்துகிறதா என்று விற்பவர் வாசலிலேயே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை என்பதில் அவ்வளவு ஆறுதல் வேண்டாம். இன்ஜின் எச்சரிக்கை விளக்கை ஒரு சின்ன ஸ்கேனரால், சில வண்டிகளில் பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டியேகூட, அணைத்துவிடலாம். பழுது அப்படியே இருக்கும். ஆனால் அணைத்தவர் ஒரு தடயத்தை விட்டுவிடுகிறார். வண்டியின் கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக் குறித்து வைக்கிறது. விளக்கை அணைக்கப் பழுதுக் குறியீடுகளை அழிக்கும்போது அந்தக் குறிப்புகளும் அழிந்து, "சோதனை முடியவில்லை" என்ற நிலைக்குப் போகும். வேகமும் நிதானமும் கலந்து சில நாள் ஓடினால்தான் அவை மறுபடி நிறைவடையும். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததாகச் சொல்லப்படும் வண்டியில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கும்போது எல்லாச் சோதனையும் முடியாமல் கிடந்தால் நான் விற்பவரைத்தான் முதலில் கேள்வி கேட்பேன். புதிதாக பேட்டரி மாற்றியிருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால், பதிலையும் காது கொடுத்துக் கேளுங்கள். அணைத்த விளக்கு திரும்ப எரிவது பெரும்பாலும் நெடுந்தூரம் ஓட்டும்போதுதான், அதாவது நீங்கள் வீட்டுக்கு வரும் வழியில்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு வகுத்திருக்கும் அளவு 155 டிகிரிதான். ஊருக்குள் இது தெரியாது. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் மிதித்து வரும்போது ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானால் பெடல் சும்மா தரைவரை போகும். வழியில் மலை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்து இறங்குங்கள். டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் பட்டை) உள்ள இன்ஜினாக இருந்து, அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் என் பதில் ஒன்றுதான்: ஓட்டாதீர்கள், ஏற்றி வாருங்கள். பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்; அதற்குப் பிறகு லாரி வாடகை ஒரு தொகையாகவே தெரியாது. பேட்டரிக்கு மல்டிமீட்டர் போதும். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது.

வண்டியைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் ஓட்டுநரை மறந்துவிடுகிறார்கள். இரவெல்லாம் பயணம், காலையில் பேரம், மதியம் கையெழுத்து, சாயங்காலம் ஸ்டியரிங். ஐரோப்பிய ஒன்றியத்தில் லாரி ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்டவரே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். பழக்கமில்லாத வண்டியில், பழக்கமில்லாத சாலையில், இருட்டில் நீங்கள் அதற்கு மேல் போகத் தேவையில்லை. ஒரு ராத்திரி தங்கிவிட்டு விடியலில் கிளம்புங்கள். முதல் அரை மணி நேரத்தில் ஒரு நிறுத்தம் போட்டு, நாலு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காகிதத்தில் இரண்டு விஷயம். வண்டி நகரும் நிமிஷத்தில் இன்சூரன்ஸ் உங்கள் பேரில் செல்லுபடியாக வேண்டும். விற்றவருடைய பாலிசி உங்களைக் காக்கும் என்று நம்பிக் கிளம்பாதீர்கள். வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைக் காகிதத்தில் இருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். இப்போதைய கார்களில் அது 17 இடம் கொண்டது, அதில் ஐ, ஓ, கியூ ஆகிய ஆங்கில எழுத்துகள் வரவே வராது. வந்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

ஏற்றி வருவதென்றால், கட்டி இழுப்பதை ஏற்றுவதோடு சேர்க்காதீர்கள். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயிலைச் சுற்றவிடும் பம்பை இன்ஜின்தான் இயக்குகிறது. இன்ஜின் அணைந்திருக்க, இன்ஜின் சுழற்றும் சக்கரம் தரையில் உருண்டால் பெரும்பாலான கியர்பாக்ஸ்கள் ஆயில் இல்லாமல் உள்ளே தேயும். நாலு சக்கரத்தையும் இன்ஜினே சுழற்றும் வண்டியையும் மின்சார வண்டியையும் முழுதாக மேடையில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். பைக்கை சைடு ஸ்டாண்டில் சாய்த்து விடாமல் நேராக நிறுத்தி, முன் ஃபோர்க் பாதியளவு அமுங்கும்படி இருபுறமும் பட்டையால் இழுத்துக் கட்ட வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் பட்டை தளரும். நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

வண்டி அனுப்பும் தொழிலில் உங்களோடு போனில் பேசுகிறவர் பல நேரம் இடைத்தரகர்தான், லாரி வேறொருவருடையது. உண்மையில் ஏற்றுவது யார், அவரிடம் சரக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பெயரோடு எழுத்தில் வாங்குங்கள். மற்றவர்களைவிட மிகக் குறைவாக ஒருவர் கேட்டால், அந்த வாடகைக்கு லாரி கிடைக்காமல் உங்கள் வண்டி நாள்கணக்கில் காத்திருக்கலாம். இன்னொரு வகை, மோசடியே: "வண்டி டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் இருக்கிறது, பணம் கட்டியதும் அனுப்பிவிடுவார்கள்" என்று விற்பவரே ஒரு கம்பெனியின் வெப்சைட்டைக் காட்டுவார். வண்டியும் இருக்காது, கம்பெனியும் இருக்காது. டிரான்ஸ்போர்ட்டை நீங்களே தேடிப் பிடியுங்கள்.

ஏற்றும் இடத்தில் நாலு பக்கமும், கூரை, சக்கர வட்டு, மீட்டர் எல்லாம் போட்டோ எடுக்க ஆள் வேண்டும். கழுவிய வண்டியை எடுங்கள். தூசு படிந்த வண்டியில் கீறல் பழசா புதுசா என்று எவராலும் நிரூபிக்க முடியாது. டேங்கில் கால்வாசி எரிபொருள் போதும். உள்ளே பெட்டி படுக்கை வைக்காதீர்கள், சரக்கு இன்சூரன்ஸ் பொதுவாக அதற்கு வராது. இறக்கும்போது டிரைவர் அவசரப்படுவார், நேரமும் அநேகமாக இரவாக இருக்கும். டார்ச் அடித்துப் பழைய போட்டோவோடு ஒப்பிட்டு, அடி இருந்தால் அவர் நீட்டும் டெலிவரி ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குறையே எழுதாமல் கையெழுத்திட்டுவிட்டு மறுநாள் காலையில் போன் செய்கிறவர்கள்தான் எங்களிடம் பெயின்ட் செலவு கேட்டு வருகிறார்கள்.