அந்தமான் போக அரசு எவ்வளவு தரும்? எல்.டி.சி. சலுகை விளக்கம்

"சார், எல்.டி.சி. பில்லில் ஸ்கூபா டைவிங் ரசீதைச் சேர்க்கலாமா?"

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்டது இது. எல்.டி.சி. என்பது விடுப்புப் பயணச் சலுகை: மத்திய அரசு ஊழியர் குடும்பத்தோடு விடுப்பில் ஊர் போய்வர அரசு கட்டணம் தருவது. அவர் கேட்டதில் தவறு இல்லை. "அந்தமானுக்கு அரசு செலவில் போகலாம்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். எந்தச் செலவு என்று யாரும் சொல்வதில்லை. பில் பிரிவில் சில வருஷம் உட்கார்ந்தவன் என்கிற முறையில் அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரே வரியில் சொல்வதென்றால், அரசு தருவது போக்குவரத்துக் கட்டணம் மட்டும்தான். தங்கும் அறை, சாப்பாடு, டாக்ஸி, கண்ணாடி அடித்தளப் படகு, ஸ்கூபா எல்லாம் உங்கள் செலவு. அலுவலகப் பயணத்தில் கிடைக்கும் தினப்படியும் இதில் கிடையாது.

முதலில் இது யாருக்கு? மத்திய அரசு ஊழியர்களுக்கான 1988-ஆம் ஆண்டு விடுப்புப் பயணச் சலுகை விதிகளின் கீழ் வருவது. ஓராண்டு தொடர்ச்சியான பணி முடிந்திருக்க வேண்டும். மாநில அரசு ஊழியர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் தனித்தனி விதிகள் உண்டு, அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஓய்வு பெற்றவர்களுக்கு இது இல்லை.

கணக்கு நான்கு ஆண்டு பிளாக்காக ஓடுகிறது. 2022-25 ஒன்று, 2026-29 அடுத்தது. ஒரு பிளாக்கில் இரண்டு முறை சொந்த ஊருக்குப் போகலாம். அல்லது ஒரு முறை சொந்த ஊர், ஒரு முறை இந்தியாவில் எந்த இடத்துக்கும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் எட்டு ஆண்டுகள் இதைவிடத் தாராளம்: ஒவ்வொரு பிளாக்கிலும் மூன்று முறை சொந்த ஊர், ஒரு முறை எந்த இடமும். 2022-25 பிளாக்கில் போகாமல் விட்டவர்கள் 2026 டிசம்பர் 31-க்குள் புறப்பட்டால் போதும்.

இதில் அந்தமானுக்கு மட்டும் ஏன் தனிப் பேச்சு? வடகிழக்கு மாநிலங்கள், ஜம்மு காஷ்மீர், லடாக், அந்தமான் நிக்கோபார் ஆகிய பகுதிகளுக்கு ஒரு தளர்வு இருக்கிறது. அதன்படி, பிளாக்கில் ஒரு சொந்த ஊர் பயணத்தை அந்தமான் பயணமாக மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய விஷயம், விமானத் தகுதி இல்லாதவர்களும் விமானத்தில் போகலாம். எல்.டி.சி.யில் ஊதிய நிலை (சம்பள அட்டவணையில் பதவிக்கு ஏற்ப வரும் எண்) 9-க்குக் கீழே இருப்பவர்களுக்குப் பொதுவாக விமானம் கிடையாது. அலுவலக வேலையாகப் போனால் நிலை 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு விமானம் உண்டு, எல்.டி.சி.யில் இல்லை. இந்த வித்தியாசம் தெரியாமல் டிக்கெட் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தமான் தளர்வில் அந்தத் தடை இல்லை. நிலை 1-இல் இருக்கும் எம்.டி.எஸ். (பல்பணி) ஊழியரும் குடும்பத்தோடு எகானமி வகுப்பில் பறக்கலாம்.

எங்கிருந்து பறக்கலாம் என்பதில்தான் சூட்சுமம். சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம், இந்த மூன்று ஊர்களிலிருந்து போர்ட் பிளேருக்கு. (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழக்கதோஷத்தில் நான் பழைய பெயரையே எழுதுகிறேன்.) திருச்சியில் வேலை பார்க்கும் நிலை 5 ஊழியர் என்றால் திருச்சியிலிருந்து சென்னை வரை அவருக்கு உரிய மூன்றாம் வகுப்பு ஏ.சி. ரயில், சென்னையிலிருந்து விமானம். அவர் திருச்சியிலிருந்தே விமானத்தில் ஏறினால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் திருச்சி - சென்னை பகுதிக்கு ரயில் கட்டணம், விமானக் கட்டணம் இரண்டில் எது குறைவோ அதுதான் கைக்கு வரும். நிலை 9-லும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, வேலை பார்க்கும் ஊரிலிருந்தே பறக்கலாம்.

இந்தத் தளர்வு நிரந்தர விதி அல்ல. இரண்டிரண்டு ஆண்டாக நீட்டித்து வருகிறார்கள். 2024-இல் நீட்டித்தது 2026 செப்டம்பர் 25 வரை. பயணத் தேதியைக் குறிப்பதற்கு முன் நடப்பு ஆணையின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். "போன தடவை அண்ணன் போனாரே" என்பது பில் பிரிவில் செல்லாது.

இன்னொரு கண்ணி. வேலை பார்க்கும் ஊரும் பணிப்பதிவேட்டில் உள்ள சொந்த ஊரும் ஒன்றாக இருந்தால், மாற்றிக்கொள்ள உங்களிடம் சொந்த ஊர் பயணமே இல்லை. சென்னைக்காரர் சென்னையிலேயே வேலை பார்த்தால் இதுதான் நிலை. அவர் வருத்தப்பட வேண்டாம், நான்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும் 'எந்த இடமும்' பயணத்தை அந்தமானுக்குப் பயன்படுத்தலாம். விமான அனுமதி அதற்கும் உண்டு.

குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோர் வருவார்கள். சார்ந்திருப்பவர் என்பதற்கு வருமான வரம்பு இருக்கிறது: மாதம் ரூ.9,000-உம் அதற்குரிய அகவிலை நிவாரணமும் சேர்ந்த தொகை. அப்பா ஓய்வூதியம் வாங்குகிறார் என்றால் இந்தக் கணக்கை முதலில் பாருங்கள். எல்லோரும் ஒன்றாகப் போக வேண்டும் என்றில்லை, தனித்தனிக் குழுவாகவும் போகலாம். ஆனால் ஒரு குழு புறப்பட்டால் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிட வேண்டும். கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியர் என்றால் பிள்ளைகளுக்கு ஒருவர் மட்டுமே கேட்க முடியும்.

டிக்கெட் எடுப்பதுதான் பில்கள் அதிகம் அடிபடும் இடம். விமான டிக்கெட்டை மூன்றே மூன்று நிறுவனங்களிடம் எடுக்கலாம்: பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. போனில் இருக்கும் பயணச் செயலியில் ஐந்நூறு ரூபாய் குறைவாகக் கிடைத்தது என்று எடுத்துவிட்டு வந்தால், பில்லில் மொத்தமும் போய்விடும் ஆபத்து இருக்கிறது. குறைந்தது 21 நாள் முன்னதாக எடுக்கச் சொல்கிறார்கள். அந்த நேரத்து விமானங்களில் கிடைப்பதிலேயே குறைந்த கட்டணம் உள்ளதைத் தேர்வு செய்து, கட்டணம் காட்டும் பக்கத்தைத் தேதி நேரத்தோடு அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். இந்த ஒரு தாள் இல்லாமல் பில் திரும்பி வந்த கதைகள் ஏராளம்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் அலுவலக வாசலிலேயே வந்து நிற்பார்கள். "டிக்கெட் விலையிலேயே ஹோட்டல், கார் எல்லாம் போட்டுத் தர்றேன் சார். நீங்க ஒரு பைசா எடுக்க வேண்டாம்." இருபதாயிரம் ரூபாய் டிக்கெட் பில்லில் நாற்பதாயிரமாக ஏறும், மிச்சத்தில் குடும்பம் கடற்கரை அறையில் தங்கும். எல்.டி.சி. மோசடி என்று சி.பி.ஐ. வழக்கு வரை போனது அது. இன்றும் யாராவது அப்படிச் சொன்னால் மரியாதையாகக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். டிக்கெட் எண்ணை வைத்து விமான நிறுவனத்திடம் கேட்டால் உண்மைக் கட்டணம் தெரிந்துவிடும். மாட்டினால் பணம் திரும்பக் கட்டுவதோடு முடியாது, துறை நடவடிக்கையும் வரும். ஐ.ஆர்.சி.டி.சி. போன்ற அரசு நிறுவனங்களின் பேக்கேஜில் போகலாம், ஆனால் அதில் பயணக் கட்டணம் எவ்வளவு என்று தனியாகப் பிரித்துச் சான்று வாங்க வேண்டும். அந்தப் பகுதி மட்டுமே கிடைக்கும்.

சரி, அப்போது தீவில் செலவுக்குப் பணம்? விதியிலேயே ஒரு வழி இருக்கிறது, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். எல்.டி.சி. போகும்போது 10 நாள் ஈட்டிய விடுப்பைப் பணமாக்கிக்கொள்ளலாம். அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி 30-ஆல் வகுத்து 10-ஆல் பெருக்குங்கள். இரண்டும் சேர்த்து ரூ.60,000 என்றால் ரூ.20,000 கிடைக்கும். பணி முழுவதற்கும் சேர்த்து 60 நாள்தான் இப்படி விற்கலாம். விற்ற பிறகும் கணக்கில் 30 நாள் மிச்சம் இருக்க வேண்டும். ஓய்வின்போது பணமாக்கும் 300 நாளிலிருந்து இது கழியாது. அந்தத் தம்பியிடம் சொன்னேன்: "உன் ஸ்கூபா பணம் இதுதான்ப்பா. பயணத்துக்கு முன்னாலேயே எழுதிக் கொடு."

இனி தீவு. பில்லோடு தொடர்புடைய ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கடைசி இரவைப் போர்ட் பிளேரில் வைத்துக்கொள்ளுங்கள். ஹேவ்லாக் (இப்போது ஸ்வராஜ் தீவு), நீல் (ஷகீத் தீவு) இரண்டுக்கும் பெரும்பாலும் கடல் வழியாகத்தான் போக வேண்டும். காற்று கிளம்பினால் படகை ரத்து செய்துவிடுவார்கள், மே முதல் மழைக்காலம் முழுக்க இது சகஜம். காலையில் ஹேவ்லாக்கில் கண் விழித்து மதியம் சென்னை விமானம் பிடிப்பதாகத் திட்டம் போட்டால், விமானத்தை விட்டு வாங்கும் புது டிக்கெட்டுக்கு அலுவலகம் பொறுப்பேற்காது. தீவு விட்டுத் தீவு போகும் தனியார் கப்பல் கட்டணத்தையும் சொந்தச் செலவாகவே கணக்குப் போட்டு வைப்பது நல்லது.

பொழுது அங்கே சீக்கிரம் விடிகிறது. கடிகாரம் நம்முடையது, சூரியன் கிழக்கே எங்கோ. ஐந்து மணிக்கு நல்ல வெளிச்சம், மாலை ஐந்தரைக்கு இருட்டத் தொடங்கும். எட்டு மணிக்கு எழுந்து டிபன் சாப்பிட்டு நிதானமாகக் கிளம்புகிறவர்கள் பாதி நாளைத் தொலைத்துவிடுவார்கள். ஹேவ்லாக்கின் ராதாநகர் கடற்கரைக்கு மட்டும் மாலையில் போங்கள். மேற்கு பார்த்த கரை, சூரியன் கடலில் இறங்குவது தெரியும்.

பவளப்பாறை பார்க்க, போர்ட் பிளேர் அருகே உள்ள வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு போகிறது. மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதி வேண்டும். திங்கள்கிழமை விடுமுறை. மழைக்காலத்தில் இது மூடியிருக்கும், பதிலாக ரெட் ஸ்கின் தீவுக்கு விடுவார்கள். படகுத் துறையில் பையைத் திறந்து பார்ப்பார்கள்: பிஸ்கட் பாக்கெட், பிளாஸ்டிக் பாட்டில் எதுவும் உள்ளே போகாது. வைப்புத்தொகை வாங்கிக்கொண்டு தண்ணீர் பாட்டில் தருவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். சிறு குழந்தையோடு போகிறவர்கள் எவர்சில்வர் டப்பாவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம்.

பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதிக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் விடியுமுன்பே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். அடையாள அட்டை விவரம் கொடுத்த பிறகு, குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு மொத்தமாகத்தான் வண்டிகளை விடுவார்கள். நடுவில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, யாருக்கும் எதுவும் நீட்டக் கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தில் இதற்குச் சிறைத் தண்டனை உண்டு. அரசு ஊழியராக இருந்து இதில் மாட்டினால் வழக்கு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். என்னைக் கேட்டால் குகைக்காக அந்தக் காட்டுவழியே போகாமல் இருப்பதே மேல். செல்லுலார் சிறையிலேயே ஒரு நாள் செலவழிக்கலாம், ஏழு கிளைகளில் மூன்றுதான் இன்று நிற்கின்றன. நிக்கோபாரின் பெரும்பகுதிக்குச் சுற்றுலாவாகப் போக அனுமதி இல்லை, திட்டத்தில் எழுதவே வேண்டாம்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பவளத் துண்டை நினைவுக்கு எடுத்து வர ஆசை வரும். செத்த பவளமானாலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. விமான நிலைய ஸ்கேனரில் பளிச்சென்று தெரியும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு நாள் எண்ணத் தொடங்குங்கள். முன்பணம் வாங்கியிருந்தால் (கட்டணத்தில் 90 சதவீதம் வரை தருவார்கள்) ஒரு மாதத்துக்குள் பில் போட வேண்டும், வாங்காவிட்டால் மூன்று மாதம். தாண்டினால் முன்பணத்தை ஒரே தவணையில் பிடித்துவிடுவார்கள். போர்டிங் பாஸைப் பல அலுவலகங்களில் கேட்கிறார்கள், அதனால் இரண்டு பக்கப் பயணத்துக்கும் கவுண்டரில் காகிதத்தில் வாங்கி, டிக்கெட்டோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். அந்தத் தம்பி தன்னுடையதை நீச்சல் உடையின் பையிலேயே விட்டு, ஹேவ்லாக் கடலில் நனைத்து எடுத்து வந்தார். இஸ்திரி போட்டுத்தான் பில்லில் ஒட்டினோம்.