கன்னி மூலையில் கொதிக்கும் படுக்கையறை

பசுமை வீடு வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் சோலார் பேனலில்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். படுக்கையறை எந்த மூலையில் என்று கேட்பேன். கன்னி மூலை என்பார்கள். வாஸ்துப்படி குடும்பத் தலைவருக்குத் தென்மேற்கு அல்லவா!

மே மாதச் சென்னையில் உச்சிவேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போய்விடுகிறது. தெற்குச் சுவரில் நேர் வெயில் அநேகமாக விழுவதில்லை. வாட்டி எடுப்பது மொட்டை மாடியையும் மேற்குச் சுவரையும்தான். மாலை 5 மணிக்கு இரண்டடி சன்ஷேடு ஓரடி உயரத்துக்குக்கூட நிழல் தராது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகிற நேரம் பார்த்து அறைக்குள் இறக்கும். ராத்திரி முழுக்க ஏசி அந்தச் சுவரோடு மல்லுக்கட்டும். கரண்ட் பில் நம் தலையில்.

இதற்காக வாஸ்துவைப் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மூலை கனமாகவும் உயரமாகவும் இருக்க வேண்டும் என்று வாஸ்துக்காரர்களே சொல்கிறார்கள். எனக்கு அது போதும். மேற்குச் சுவர் நெடுக அலமாரி. ஜன்னல் தெற்கே. மேல்நிலைத் தொட்டியை அந்த அறைக்கு மேலேயே தூண் எழுப்பி நிறுத்தினால் தளத்துக்கும் நிழலாயிற்று.

மேற்குச் சுவரை எலிப்பொறிக் கட்டு முறையில் எழுப்பச் சொல்வேன். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே மூன்று அங்குல இடைவெளி விட்டுக் கட்டுவது. கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய முறை. இடையில் நிற்கும் காற்று சூட்டைத் தடுக்கும். செங்கல்லும் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். மேஸ்திரிக்குத்தான் பிடிக்காது. உள்ளே பொள்ளலாக இருந்தால் ஆணி நிற்குமா என்பார். நியாயமான கேள்வி. பாரம் தொங்கும் இடங்களிலும் கதவு, ஜன்னல் ஓரங்களிலும் இடைவெளி விடாமல் கட்டிக்கொள்ள வேண்டும்.

மாடிக்கு அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்தார்கள். இப்போது செலவைக் குறைக்க வெறும் கான்கிரீட்டின் மேல் சிமென்ட் பூசிவிட்டுப் போகிறார்கள். உங்கள் வீடு அப்படியென்றால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சாவது அடியுங்கள். தூசி படிந்தால் அதன் பலன் குறைந்துவிடும். பங்குனி பிறக்குமுன் ஒரு தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.