ஒரு கார்டுதானே என்று சேர்ப்பதற்கு முன்

கார்டு ஆட்டப் போட்டி நாளில், சுற்று தொடங்குவதற்கு முன்பு சில ஆட்டக்காரர்களின் டெக்கை, அதாவது அவர்கள் ஆடக் கொண்டுவரும் கார்டுக் கட்டை, நடுவர்களான நாங்கள் வாங்கி எண்ணிப் பார்ப்போம். எழுதிக் கொடுத்த பட்டியலும் கையில் இருக்கும் கட்டும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பதற்காக. நான் பத்துப் பத்தாக மேஜையில் அடுக்குவேன். ஆறு அடுக்கு முடிந்தபிறகும் கையில் ஒன்றிரண்டு மிஞ்சும். 61, 62, சில சமயம் 64. அதில் விதிமீறல் எதுவும் கிடையாது. மேஜிக் த கேதரிங் என்ற கார்டு ஆட்டத்தில் 60 என்பது குறைந்தபட்சம்தான். வேறொருவர் உதவியில்லாமல் உங்களால் கலைக்க முடிந்தால் எத்தனை கார்டு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனாலும் எனக்கு மனசு கேட்காது. போட்டி முடிந்தபிறகு, ஏன் 62 என்று கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "எதை எடுக்கறதுன்னு தெரியலண்ணா."

அந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். டெக்கில் எத்தனை கார்டு என்பதை முடிவு செய்வது, இருப்பதிலேயே பலவீனமான கார்டு எது என்று முடிவு செய்வதுதான். அதைத் தள்ளிப்போட்டால் எண்ணிக்கை தானாக ஏறிவிடும்.

எல்லா ஆட்டத்திலும் இந்தக் கேள்வி வராது. போக்கிமானில் சரியாக 60. மேஜிக்கின் கமாண்டர் வகையில் தலைமைக் கார்டையும் சேர்த்துச் சரியாக 100. யூ-கி-ஓவில் முதன்மை டெக் 40 முதல் 60 வரை. மேஜிக் 1993-இல் வெளிவந்தபோது 40 போதும், ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். பிறகுதான் குறைந்தது 60, ஒரே பெயரில் அதிகபட்சம் 4 என்று போட்டி விதி வந்தது. உங்களுக்கு மிகவும் தேவையான கார்டை நான்கு தடவைக்கு மேல் வைக்க முடியாது என்பதால், கட்டு பருக்கப் பருக்க அந்த நான்கும் ஆழத்துக்குப் போகும்.

கணக்கைப் பார்த்துவிடலாம். 60 கார்டில் நான்கு பிரதி இருந்தால், முதல் ஏழு கார்டில் ஒன்றாவது வர 39.9 சதவீத வாய்ப்பு. 61-இல் அது 39.4. 65-இல் 37.3. 80-இல் 31.2. யூ-கி-ஓவில் மூன்று பிரதிதான், தொடக்கக் கை ஐந்து: 40 கார்டுக்கு 33.8 சதவீதம், 60 கார்டுக்கு 23.3. மூன்றில் ஒரு ஆட்டத்தில் கிடைக்க வேண்டியது நான்கில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

"61-க்கு அரை சதவீதம்தானே குறைகிறது" என்பார்கள். உண்மைதான், அந்த ஒரு கார்டால் நீங்கள் தோற்றதாக யாரும் நிரூபிக்க முடியாது. என் கவலை வேறு. 61-ஐ ஏற்றுக்கொண்டவர் அடுத்த மாதம் 63-க்கு வருவதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தவிர, அந்தக் கூடுதல் கார்டு கைக்கு வரும்போதெல்லாம், உங்கள் டெக்கின் ஆகக் கடைசித் தேர்வை இழுக்கிறீர்கள். அதைவிட நல்ல கார்டு ஒன்று அந்த இடத்தில் வந்திருக்கும்.

நான் மதிக்கிற ஒரே 61 வாதம் லேண்ட் பற்றியது, அதாவது மற்ற கார்டுகளை ஆடத் தேவையான சக்தியைத் தரும் கார்டு பற்றியது. 60-இல் 24 லேண்ட் என்றால் 40 சதவீதம், கொஞ்சம் வறட்சி, லேண்ட் போதாது. 25 என்றால் 41.7, கொஞ்சம் வெள்ளம், லேண்ட் மிஞ்சும். 61-இல் 25 வைத்தால் 41.0, நடுவில் நிற்கும். கணக்கு சரி. ஆனால் நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடாமல் அந்த ஒரு சதவீதத்தின் குறை யாருக்கும் தெரியாது. 2020-இலிருந்து மேஜிக்கில் ஒருபுறம் மந்திரம், மறுபுறம் லேண்ட் என்று இருக்கும் இரட்டைமுகக் கார்டுகள் வருகின்றன. அதில் ஒன்றைப் போட்டால் 60-க்குள்ளேயே அதே வேலை முடிந்துவிடும்.

பெரிய கட்டே சரியாக இருக்கிற இடங்களும் உண்டு. மேஜிக்கில் யோரியன் என்ற கார்டை டெக்குக்கு வெளியே துணைக் கார்டாக வைக்க வேண்டுமானால் குறைந்தபட்சத்தைவிட 20 கூடுதலாக வேண்டும். அந்த 20-க்கு ஆட்டம் நல்ல கூலி கொடுத்தது, 2022-இல் மேஜிக்கின் மாடர்ன் என்ற போட்டி வகையில் அதைத் தடை செய்யும் அளவுக்கு. யூ-கி-ஓவில், டெக்கிலேயே கிடக்க வேண்டிய, கைக்கு வந்தால் வீணாகிற கார்டு ஒன்று இருந்தால், முதல் கையில் அது மாட்டும் வாய்ப்பு 40-இல் 12.5 சதவீதம், 60-இல் 8.3. சரி, அது ஒரு காரணம். இப்படிக் காரணத்தைப் பெயர் சொல்லிக் காட்ட முடிந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்ட 80 கார்டை ஒரே பிடியில் கலைத்துப் பாருங்கள், கைக்கு அடங்காது. 52 சீட்டையே, இரண்டாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து, ஏழு முறை கலைத்தால்தான் நன்றாகக் கலையும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிஸும் 1992-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

எதை எடுப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். 63 கார்டோடு ஒரு தம்பி வந்தான். சந்தேகமான ஆறு கார்டுகளை ஒரு தாளில் எழுதச் சொன்னேன். அப்புறம் பத்து ஆட்டம் ஆடினோம். அந்த ஆறில் ஒன்று கைக்கு வரும்போதெல்லாம், "இதற்குப் பதில் வேறு எது வந்தாலும் பரவாயில்லை" என்று தோன்றினால் ஒரு கோடு போட வேண்டும், அவ்வளவுதான். நான்காவது ஆட்டத்திலேயே கவனித்தேன்: ஒரு குறிப்பிட்ட கார்டை இழுத்ததும் படிக்காமலே, கையில் விசிறி போல விரித்த கார்டுகளின் இடது ஓரத்துக்குத் தள்ளினான். ஆட்டம் முடியும்வரை அது அங்கேயே இருந்தது. ஐந்தாவதிலும் அப்படியே. தாளில் அதற்கு ஒரு கோடுகூட இல்லை. அவனுக்கு மிகவும் பிடித்த கார்டு அது. இடது ஓரத்தைச் சுட்டிக்காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை எடுத்து வெளியே வைத்தான். மற்ற இரண்டையும் கோடுகளே சொல்லிவிட்டன.

சரியாக 60-க்கு வந்தவர்கள் இன்னொன்றிலும் கவனமாக இருக்க வேண்டும். ஆட்டங்களுக்கு நடுவே சைடுபோர்டிலிருந்து (மாற்றிக்கொள்ளத் தனியாக வைத்திருக்கும் கார்டுகளிலிருந்து) மாற்றும்போது ஒன்று தவறினால் 59 ஆகிவிடும். அது விதிமீறல், போட்டியின் நிலையைப் பொறுத்து ஓர் ஆட்டத்தையே இழக்க நேரலாம். ஒவ்வொரு முறையும் எண்ணிவிட்டே கலையுங்கள். விரலால் ஓட்டி எண்ண வேண்டாம், மேஜையில் ஒவ்வொன்றாக அடுக்கி எண்ணுங்கள். புது ஸ்லீவுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.