பள்ளம் தெரிந்தாலே காற்று அல்ல

குவேசாரின் (பெருங்கருந்துளையால் ஒளிரும் விண்மீன் மண்டல மையம்) எக்ஸ் கதிர் நிறமாலையில் 7 கேஇவிக்கு (கிலோ எலக்ட்ரான் வோல்ட், ஆற்றல் அலகு) மேல் ஒரு பள்ளம், அதாவது வாயு ஒளியை உறிஞ்சிய தடம், கண்ணில் பட்டதும், நம்மை நோக்கி வாயு பாயும் அதிவேகக் காற்று என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும். ஆராய்ச்சியில் புதிதாக இறங்குகிறவர்கள் அங்கேதான் நிதானிக்க வேண்டும்.

பிடிஎஸ் 456 என்ற குவேசாரை எடுத்துக்கொள்வோம். செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் ஒளியின் ஆற்றல் குறைந்து தெரியும் அளவு) 0.184. கருவியில் பள்ளம் 7.60-இல் விழுந்தால், 1.184-ஆல் பெருக்க, குவேசாரின் சட்டகத்தில் 9.0 கேஇவி. ஒற்றை எலக்ட்ரான் மட்டும் மிஞ்சிய இரும்பின் கோடு 6.97-இல் இருக்க வேண்டியது. சார்பியல் டாப்ளர் சூத்திரப்படி வேகம் ஒளியில் 0.25 பங்கு. சாதாரணச் சூத்திரத்தைப் போட்டால் 0.29 வரும், அது பிழை. அதே பள்ளம் இரண்டு எலக்ட்ரான் உள்ள இரும்பினுடையது என்றால் (6.70) வேகமும் 0.29 ஆகிவிடும். எந்த அயனி என்பதை ஒரு கோட்டை வைத்து முடிவு கட்டக்கூடாது. எக்ஸ்ஸ்டார், ஸ்பெக்ஸ் போன்ற மென்பொருள்கள் தரும் ஒளி அயனியாக்க மாதிரிகளை (ஒளியால் எலக்ட்ரான் இழந்த வாயு எப்படி உறிஞ்சும் என்ற கணக்கு) முழு நிறமாலைக்கும் பொருத்திப் பார்க்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் பின்னணிக் கழிப்பு, அதாவது குவேசாரிலிருந்து வராத சிக்னலை நீக்குவது. எக்ஸ்எம்எம்-நியூட்டன் எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் பிஎன் கேமராவுக்கு அடியில் உள்ள மின்சுற்றுப் பலகை, 8.05 கேஇவியில் செம்பின் ஒளிர்வுக் கோட்டை உமிழ்கிறது. கேமராவின் நடுப்பகுதியில் அது மிகக் குறைவு, ஓரங்களில் பலமாக இருக்கும். குவேசார் நடுவில் இருக்கிறது; பின்னணியை நாம் ஓரத்தில் எடுத்தால், இல்லாத செம்பைக் கழிக்கிறோம். 8.05-இல் பள்ளம் பிறக்கும். பிடிஎஸ் 456-இல் அதைக் கோடு என்று நம்பினால் 0.30 பங்கு வேகத்தில் ஒரு 'காற்று' கிடைத்துவிடும்! எனவே பின்னணி வட்டத்தைச் செம்பு குறைந்த நடுப்பகுதிக்குள்ளேயே வையுங்கள். கழிக்காத நிறமாலையிலும் பள்ளம் நிற்கிறதா என்று பாருங்கள். நியூஸ்டார் என்ற வேறொரு எக்ஸ் கதிர் விண்தொலைநோக்கியின் தரவு இருந்தால் அதிலும் தேடுங்கள்.

அடுத்தது புள்ளியியல். ஃபோட்டான் எண்ணிக்கை குறைவான இடத்தில் கை-வர்க்கப் பொருத்தம் ஒருபக்கம் சாய்ந்த விடை தரும், குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற சி-ஸ்டாட் என்ற அளவையைப் பயன்படுத்துங்கள். கோடு இருக்கிறதா என்பதற்கு, இரு மாதிரிகளை ஒப்பிடும் வழக்கமான எஃப்-சோதனை பொருந்தாது. கோடே இல்லாத மாதிரியிலிருந்து ஆயிரம் போலி நிறமாலைகளாவது உருவாக்கி, தேடிய ஆற்றல் வரம்பு முழுவதும் அதே அளவு பள்ளம் எத்தனை முறை தற்செயலாக வருகிறது என எண்ண வேண்டும்.

காற்று உண்மைதான் என்று உறுதியானாலும் தொலைவு எளிதில் பிடிபடாது. அயனியாக்க அளவுரு என்பது ஒளிர்வை, அடர்த்தியாலும் தொலைவின் வர்க்கத்தாலும் வகுத்தது. அடர்த்தி தெரியாதவரை வாயு அருகிலா தள்ளியா என்று சொல்ல முடியாது. வெளியேறும் நிறையும் அதே அளவுக்கு ஊசலாடும்.

பிஎன் போன்ற சிசிடி கேமராக்களின் பிரிதிறன் இந்த ஆற்றலில் சுமார் 150 இவி (ஆயிரம் இவி ஒரு கேஇவி). 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட எக்ஸ்ரிஸம் விண்தொலைநோக்கியின் ரிசால்வ் கருவிக்கோ ஏறத்தாழ 5 இவி. பிடிஎஸ் 456-இல் ஒரே அகலமான பள்ளமாகத் தெரிந்ததை அது ஐந்து தனித்தனி வேகக் கூறுகளாகப் பிரித்துக் காட்டியது. ஆனால் அதன் வாயில் மூடி திறக்காததால் சுமார் 1.7 கேஇவிக்குக் கீழே பயன் இல்லை. ஆக்சிஜன் கோடுகளுக்கு இன்னும் எக்ஸ்எம்எம்-நியூட்டனின் ஆர்ஜிஎஸ்ஸையே (அதிலுள்ள இரட்டை நிறமாலைமானிகள்) நாட வேண்டும். அங்கும் இரண்டாம் ஆர்ஜிஎஸ்ஸில் ஒரு சில்லு செயலிழந்து 20 முதல் 24 ஆங்ஸ்ட்ராம் வரை வெற்றிடம்; இடம்பெயராமல் 21.6-இல் விழும் ஆக்சிஜன் கோட்டுக்கு முதலாம் ஆர்ஜிஎஸ் மட்டுமே சாட்சி.