சின்ன பிஸ்டல் வாங்கி வீட்டுக்காரம்மா கையில குடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

போன வாரமும் அதே கதைதான். டல்லாஸ் பக்கம் நான் எடுக்கிற கைத்துப்பாக்கி வகுப்புக்கு நம்ம ஊர்க்காரங்க புருஷன் பொண்டாட்டியா வந்தாங்க. அந்தம்மா ஆஸ்பத்திரியில நைட் ஷிஃப்ட் பாக்கிறவங்க, விடியக்காலைல பார்க்கிங் லாட்ல தனியா நடந்து போறாங்களேன்னு வீட்டுக்காரருக்குக் கவலை. கவலை நியாயமானது. அதுக்கு அவர் என்ன பண்ணியிருக்கார்னா, கடைக்குத் தனியா போயி கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்ததுலயே சின்னதா அழகா கலரா ஒரு .380 பிஸ்டலை (.380ங்கறது குண்டோட அளவு) பாத்து, இது அவ கைக்கு சரியா இருக்கும், ஹேண்ட்பேக்ல அடங்கிடும்னு வாங்கி பிறந்தநாளுக்குக் குடுத்துட்டார்.

சுட்டுப் பழகற இடத்துல, அதாவது ரேஞ்ச்ல, அந்தம்மாவால ஸ்லைடை, அதான் பிஸ்டலோட முன்னும் பின்னும் ஓடற மேல் பாகத்தை, பின்னாடி இழுக்கவே முடியல. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழுக்கி வழுக்கிப் போகுது, பின்னாடி நின்னு இவர் "நல்லா இழும்மா, பலமா இழு"ங்கிறார். ஒரு வழியா லோட் பண்ணி சுட்டாங்க. முதல் குண்டுக்கே பிஸ்டல் துள்ளி கண்ணு மூடிடுச்சு. மூணாவது குண்டுல காலி வெடிகூடு முழுசா வெளிய போகாம ஸ்லைடுக்கும் பேரலுக்கும் நடுவுல செங்குத்தா நட்டுக்கிட்டு நின்னுடுச்சு. கட்டைவிரல் கவட்டுல செவசெவன்னு ஒரு கோடு. பிஸ்டலை மேசை மேல வச்சுட்டு "எனக்கு இது வராது சார், விட்டுடலாம்"னாங்க. அவங்க மேல துளி தப்பு கிடையாது. ஆனா தனக்குத்தான் துணிச்சல் இல்லன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறாங்க. இதை எத்தனை பேர்கிட்டதான் பாக்கிறது? அதான் உக்காந்து எழுதறேன்.

இதை மனசுல ஏத்திக்கோங்க: துப்பாக்கி சின்னதா இருந்தா சுடறது சுலபம் இல்ல, கஷ்டம். சின்னக் கைக்கு சின்னத் துப்பாக்கி, பொம்பளைங்களுக்கு சின்னத் துப்பாக்கி, புதுசா கத்துக்கறவங்களுக்கு சின்னத் துப்பாக்கின்னு கடையில கவுன்டர்ல நிக்கிற ஆளுங்களே சொல்றாங்க. தலைகீழா சொல்றாங்க. குண்டு முன்னாடி போற வேகத்துக்கு துப்பாக்கி பின்னாடி உதைக்கும், அந்த உதையைத் தாங்க துப்பாக்கிக்கு எடை வேணும். ரூகர் எல்சிபி மாதிரி பாக்கெட் பிஸ்டல் காலியா இருக்கும்போது சுமார் 270 கிராம்தான், நடுத்தர அளவு கிளாக் 19 கிட்டத்தட்ட 600 கிராம். லேசா இருக்குன்னு கையில தூக்கிப் பாத்து சந்தோஷப்படறீங்களே, அந்த லேசுதான் சுடும்போது உள்ளங்கையை அடிக்குது. பிடி குட்டையா இருக்கிறதால சுண்டுவிரல் அந்தரத்துல தொங்கும், பிடிப்பு பாதியாயிடும். முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவுல தூரம் கம்மி, அதனால கை ஒரு நூல் ஆடினாலும் குண்டு எங்கயோ போகும்.

இன்னொண்ணு, ஸ்லைடு ஏன் அவ்வளவு இறுக்கமா இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. சின்ன பிஸ்டல்ல ஸ்லைடு லேசு, போயி வர்ற தூரமும் கம்மி, அதனால ஸ்பிரிங் முரடா இருந்தாகணும். .380ல பழைய டிசைன் சிலது இருக்கு, பேரல் பூட்டு எதுவும் இல்லாம வெறும் ஸ்லைடு எடையையும் ஸ்பிரிங்கையும் மட்டுமே நம்பி வேலை செய்யறது, வால்தர் பிபிகே மாதிரி. அதையெல்லாம் சுட்டா "சின்ன குண்டுதானே, ஏன் இப்படி உதைக்குது"ன்னு கேப்பாங்க. 9 எம்எம்ங்கறது .380 விட பலமான குண்டு, ஆனாலும் சரியான அளவுள்ள 9 எம்எம் பிஸ்டல் அதை விட மென்மையா இருக்கும். 9 எம்எம் குண்டு விலையும் .380 விட கம்மி, அதனால பழகவும் நெறைய சுடலாம்.

அந்தம்மாவோட பிஸ்டல் மூணாவது குண்டுல மாட்டுச்சுன்னேன்ல, அதுக்கும் பிஸ்டல் சின்னதா இருந்ததுதான் காரணம். ஸ்லைடு பின்னாடி ஓடறப்ப கீழ் பாகம் அசையாம நிக்கணும். மணிக்கட்டு தளர்ந்து மொத்தமும் சேர்ந்து பின்னாடி போனா ஸ்லைடு முழு தூரம் ஓடாது, கூடு வெளிய விழாது. பெரிய பிஸ்டல் இந்த மாதிரி தளர்ந்த பிடியை ஓரளவு பொறுத்துக்கும், சின்னது பொறுக்காது. அதாவது புதுசா கத்துக்கறவங்க கையில எது அதிகமா மாட்டுமோ அதையே தேடிப் பிடிச்சு அவங்க கையில குடுக்கிறோம்.

அப்ப ரிவால்வர் வாங்கிடலாம், அது மாட்டாதேன்னு அடுத்த யோசனை வரும். அஞ்சு குண்டு போடற குட்டை ரிவால்வர் லேசு, ட்ரிக்கர் நீளமா பாரமா இருக்கும், குறி பேருக்குத்தான். அதுல நல்லா சுடறவங்க பல வருஷம் பழகினவங்க. ஆரம்பிக்கிறவங்களுக்கு வேணவே வேணாம்.

வேற எதைத்தான் வாங்கறது? கிளாக் 19 வந்தது 1988ல, மேகசின்ல, அதாவது குண்டு அடுக்கிப் பிடிக்குள்ள செருகற கூட்டுல, 15 குண்டு, இன்னிக்கு வரைக்கும் எந்த ரேஞ்சுக்குப் போனாலும் யாராவது ஒருத்தர் கையில இருக்கும். மேல சட்டையைத் தொங்க விட்டா மறைஞ்சிடும், ஆனா சின்ன உடம்புக்காரங்களுக்கு இடுப்புல கொஞ்சம் துருத்தும்தான். 2018ல கிளாக் 19 விட சின்ன 9 எம்எம் பிஸ்டலான சிக் சாவர் பி365 வந்தப்புறம் நிலைமை மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி அந்த அளவு பிஸ்டல்ல ஆறு ஏழு குண்டுதான், இது 10 குண்டு, எடை அரை கிலோ. அதைப் பாத்து அடுத்த வருஷமே கிளாக் 43எக்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் எல்லாம் வந்துடுச்சு. இந்த வகையில பிடி கொஞ்சம் நீளமா இருக்கறதைப் பாருங்க, சுண்டுவிரல் உக்காரணும். கையில பலம் கம்மின்னா, மூட்டுவலி இருந்தா, ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்டு ஈஸின்னு ஒண்ணு இருக்கு, ஸ்லைடு சுலபமா இழுக்கறதுக்குன்னே செஞ்சது. இதெல்லாம் ஒரு ஆரம்பத்துக்குத்தான் சொல்றேன், இதுதான் பெஸ்ட்டுன்னு எதையும் நான் சொல்ல மாட்டேன். பெஸ்ட் கன் எதுன்னு யூடியூப்ல தேடறதை நிறுத்திட்டு, வாடகைக்கு பிஸ்டல் குடுக்கிற ரேஞ்சுக்கு, யார் எடுத்துட்டுப் போகப் போறாங்களோ அவங்களையே கூட்டிட்டுப் போங்க. செருப்பு வாங்கவே ஆளைக் கூட்டிட்டுப் போறோம். அவங்க தானே ஸ்லைடு இழுக்க முடியுதா, பிடியை மாத்தாம விரல் நுனி ட்ரிக்கருக்கு எட்டுதா, குறி தெரியுதா, ஒரு பெட்டி சுட்டு முடிச்சப்புறம் இன்னொரு பெட்டி சுடலாமான்னு கேக்கறாங்களா, அதைப் பாருங்க. ஸ்லைடை ரெண்டு விரலால கிள்ளக் கூடாது, மேலேருந்து நாலு விரலும் உள்ளங்கையும் போட்டுப் பிடிச்சு, பிஸ்டல் பிடிச்ச கையை முன்னாடி தள்ளணும். பாதி பேருக்கு இதைச் சொல்லிக் குடுத்ததுமே வந்துடுது.

"ரிலையபிளா ஒண்ணு சொல்லுங்க அண்ணா"ன்னு கேக்கறாங்க. பேர் வாங்கின கம்பெனி பிஸ்டல்னா தப்பாது, ஆனா நீங்க வாங்கினது அந்த ஒண்ணு, அதுக்குள்ள போற மேகசின் ரெண்டு, நீங்க போடற குண்டு, உங்க கை. இது எல்லாம் சேந்து வேலை செஞ்சாதான் நம்பலாம். பெட்டியிலேருந்து எடுத்து நேரா இடுப்புல சொருகாதீங்க. சுத்தம் பண்ணி எண்ணெய் போட்டு, சாதா பயிற்சி குண்டு ஒரு இருநூறாவது ஓட்டுங்க, அப்புறம் நீங்க தினமும் வச்சிருக்கப் போற ஹாலோ பாயின்ட் (மூக்குல குழி உள்ள) குண்டை அம்பதாவது ஓட்டுங்க. விலை ஜாஸ்திதான், தெரியும். ஆனா அதோட மூக்கு வடிவம் வேற, உருண்டை மூக்கு குண்டு வழுக்கிட்டு உள்ள போற பிஸ்டல்ல இது முட்டி நிக்கலாம், அது ரேஞ்ச்ல தெரியட்டும். மாட்டுச்சுன்னா முதல்ல மேகசினை சந்தேகப்படுங்க, அதுக்குத்தான் மேகசின்ல நம்பர் எழுதி வைங்கன்னு சொல்றது. எது தகராறு பண்ணுதோ அதைத் தூக்கிப் போடுங்க. ஆன்லைன்ல பாத்து ஸ்பிரிங் மாத்தறது, ட்ரிக்கர் மாத்தறது, தயவுசெஞ்சு வேணாம், வேலை செஞ்சிட்டிருந்த பிஸ்டலைக் கெடுத்துக் கொண்டு வந்து எங்கிட்ட நீட்டாதீங்க.

இப்ப ஹேண்ட்பேக். அந்தம்மா பிஸ்டலை எங்கேருந்து எடுத்தாங்க தெரியுமா? சாவிக்கொத்து, லிப்ஸ்டிக், சில்லறைக் காசு, பொட்டு பாக்கெட் எல்லாம் கிடக்கிற பையோட அடியிலேருந்து, ஹோல்ஸ்டர்ங்கற உறை இல்லாம, குண்டு லோட் பண்ணி. கை எல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு எனக்கு. இப்ப வர்ற பிஸ்டல் நெறையத்துல தனியா சேஃப்டி பட்டன் கிடையாது, ட்ரிக்கரை எது அமுக்கினாலும் வெடிக்கும், அது விரலான்னு துப்பாக்கிக்குத் தெரியாது. ட்ரிக்கர் வளையத்தை முழுசா மூடற, கெட்டியான, அந்த மாடலுக்குன்னே செஞ்ச ஹோல்ஸ்டர்தான் வேணும், கைடெக்ஸ்ங்கற கெட்டி பிளாஸ்டிக்ல நல்லதா கிடைக்குது. எல்லாத்துக்கும் பொருந்தும்னு விக்கிற துணி உறை வேணாம். பிஸ்டலைத் திருப்பி உள்ள வைக்கும்போது அவசரமே கிடையாது, சட்டை நுனி மாட்டலையான்னு கண்ணால பாத்து மெதுவா வைங்க.

பையிலதான் வைப்பேன்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு நான் சொல்றது ஐடஹோ மாநிலம் ஹேடன்ல 2014 டிசம்பர் 30ம் தேதி நடந்ததை. ஒரு பெரிய கடையில சாமான் வாங்கிட்டிருந்த ஒரு இளம் தாய், தள்ளுவண்டியில ரெண்டு வயசு மகன், பக்கத்துல அவங்க ஹேண்ட்பேக். துப்பாக்கி வைக்கிறதுக்குன்னே தனி ஜிப் அறை உள்ள பை அது. குழந்தை எடுத்துட்டான், வெடிச்சுது, அம்மா அங்கயே போயிட்டாங்க. அந்தம்மா துப்பாக்கி பழகினவங்கதான், லைசென்ஸும் இருந்துச்சு. துப்பாக்கி உங்க உடம்போட இருக்கணும், இல்ல பூட்டுல இருக்கணும். வேற இடம் கிடையாது.

வீட்லயும் அப்படித்தான். அலமாரி மேல் தட்டு, தலையணை அடி, புடவை மடிப்பு, பூஜை ரூம் டிராயர், எல்லாம் கேட்டுட்டேன். ஊர்லேருந்து அப்பா அம்மா ஆறு மாசத்துக்கு வந்திருக்காங்க, பாட்டி அலமாரியைச் சுத்தம் பண்றாங்க, பேரன் கூடவே நிக்கிறான், யோசிச்சுப் பாருங்க. 2020லேருந்து அமெரிக்காவுல 1 வயசுலேருந்து 19 வயசு வரைக்குமான பிள்ளைங்க சாவுக்கு முதல் காரணமே துப்பாக்கிதான், ரோடு விபத்தைத் தாண்டிடுச்சு. டெக்ஸாஸ்ல 17 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை கைக்கு எட்டற மாதிரி லோட் பண்ணின துப்பாக்கியை விட்டு, அது எடுத்துட்டா, வச்சவங்க மேல கேஸ். படுக்கைக்குப் பக்கத்துல சுவத்துலயோ கட்டில்லயோ திருகி மாட்டற சின்ன லாக் பெட்டி ஒண்ணு வாங்கிடுங்க, பிஸ்டல் விலையில ஒரு பங்குதான். பிஸ்டலுக்கு காசு இருந்துச்சு, பெட்டிக்கு இல்லன்னு எங்கிட்ட சொல்லாதீங்க.

சட்டம் பத்தி ரெண்டு வார்த்தை. டெக்ஸாஸ்ல 2021 செப்டம்பர் 1லேருந்து 21 வயசு ஆன, சட்டத்துல தடை எதுவும் இல்லாதவங்க லைசென்ஸ் இல்லாமலே எடுத்துட்டுப் போகலாம். அதனால வகுப்பே தேவையில்லன்னு நம்மாளுங்க முடிவு பண்ணிட்டாங்க. லைசென்ஸ் டெஸ்ட்டுல என்ன பெருசா கேக்கறாங்க, 3, 7, 15 கஜத்துலேருந்து 50 குண்டு, 250க்கு 175 எடுத்தா பாஸ். அதைக் கூட சுட்டுப் பாக்காதவங்க ஜனக்கூட்டத்துக்கு நடுவுல லோட் பண்ணின பிஸ்டலோட நடக்கிறது எனக்குப் பயமா இருக்கு. ஸ்கூல், போஸ்ட் ஆபீஸ், சிவப்புல 51%ன்னு பெருசா போர்டு வச்ச பார், இங்கெல்லாம் ஆகாது. கோயில் வாசல்ல என்ன போர்டு இருக்குன்னு படிச்சுட்டு உள்ள போங்க.

விசா விஷயத்துல யாரும் விளையாடாதீங்க. எச்1பி, எச்4, மாணவர் விசா, விசிட்டர் விசான்னு தற்காலிக விசாவுல இருக்கிறவங்க துப்பாக்கியோ குண்டோ வச்சிருக்கறதே பொதுவா ஃபெடரல் குற்றம். வேட்டை லைசென்ஸ் எடுத்தா சரியாயிடும்னு ஃப்ரெண்டு சொன்னாருன்னு வருவாங்க. அப்படி ஒரு விலக்கு சட்டத்துல இருக்கறது வாஸ்தவம்தான், ஆனா கிரீன் கார்டு வரிசையில நிக்கிறவங்க வக்கீல் கிட்ட உக்காந்து கேக்காம அதுல கை வைக்காதீங்க. வீட்ல ஒருத்தர் சிட்டிசன், இன்னொருத்தர் எச்1பின்னாலும் இதே பேச்சுதான், பெட்டியோட சாவியும் நம்பரும் யார்கிட்ட இருக்குங்கறது முக்கியம். கடையில நிரப்பற ஃபாரத்துல இதைக் கேப்பாங்க, பொய் எழுதினா அது தனிக் குற்றம்.

கடைசியா ஒண்ணு, நம்ம ஆளுங்களுக்கு மட்டுமே வர்ற பிரச்சனை. ரேஞ்சுக்கு எடுத்துட்டுப் போற பையை வேற எதுக்கும் தொடாதீங்க. 2023ல அமெரிக்க ஏர்போர்ட் சோதனையில 6,737 துப்பாக்கி பிடிச்சாங்க, அதுல பத்துக்கு ஒம்போதுக்கு மேல லோட் பண்ணினது, பல பேர் சொன்னது "பையில இருந்தது மறந்துட்டேன்". துப்பாக்கி இல்ல, ஒரே ஒரு குண்டு பையோட ஜிப் ஓரத்துல தங்கியிருந்தாலும், அந்தப் பையோட சென்னையிலயோ டெல்லியிலயோ ஏறும்போது எக்ஸ்ரேல மாட்டினா ஆயுதச் சட்டத்துல கேஸ் போடுவாங்க. தெரியாம நடந்ததுன்னு நிரூபிச்சு கோர்ட்டுல கேஸை ரத்து பண்ண வைக்கலாம், ஆனா அதுக்குள்ள லீவு முடிஞ்சு, டிக்கெட் போயி, இங்க வேலைக்குப் பதில் சொல்லணும். ரேஞ்ச் பைக்கு கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு கலர் வாங்குங்க, அதை கராஜ்லயே பூட்டி வைங்க, ஊருக்குக் கிளம்பற முந்தின நாள் எல்லாப் பையையும் ஜிப் ஜிப்பா கவுத்துத் தட்டிப் பாத்துடுங்க.